'எல்லாம் ஓகே' என்று பெயர் வைத்துக்கொண்டவர்: 'பெட்டர் கால் சால்' ஜிம்மி தன் அண்ணனுக்காக ஏன் அழவில்லை?

'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களுக்கு சால் குட்மேன் என்றால் ஒரு காமெடி வக்கீல். கண்ணைப் பறிக்கும் கலரில் சட்டை, டிவியில் மலிவான விளம்பரம், எந்தக் குற்றவாளிக்கும் ஒரு குறுக்குவழி. அந்தத் தொடரில் அவர் பேசாத விஷயமே கிடையாது. ஆனால், தனக்கு ஒரு அண்ணன் இருந்தார் என்று ஒரு இடத்தில்கூட சொல்ல மாட்டார்.

காரணம் எளிது. அப்போது அந்த அண்ணன் பாத்திரம் எழுதப்படவே இல்லை. வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கோல்டும் சேர்ந்து உருவாக்கிய 'பெட்டர் கால் சால்' 2015-ல் வந்த பிறகுதான் அந்த மௌனத்துக்கு ஒரு அர்த்தம் கிடைத்தது. 6 சீசன், 63 எபிசோட். 2022 ஆகஸ்டில் முடிந்தது. கார்டெல், கொலை, வழக்கு என்று நிறைய நடந்தாலும், தொடரின் நடுவில் இருப்பது ஒரு அண்ணன், ஒரு தம்பி, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட துரோகம், அதன் பிறகு வந்த ஒரு மரணம். அந்த மரணத்துக்குத் தம்பி துக்கப்படவே இல்லை. அப்படித் தள்ளிப்போட்ட துக்கம் என்னவாக மாறியது என்பதுதான் மீதிக் கதை.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: கடைசி எபிசோட் வரை பேசப் போகிறோம். தற்கொலை பற்றிய குறிப்பும் உண்டு.)

யார் இந்த ஜிம்மி, யார் சக்?

சால் குட்மேனின் உண்மையான பெயர் ஜேம்ஸ் மெக்கில். வீட்டில் ஜிம்மி. பாப் ஓடன்கிர்க் நடித்திருக்கிறார். இல்லினாய் மாநிலத்தின் சிசரோ ஊர்க்காரர். இளமையில் சின்னச் சின்ன ஏமாற்று வேலை செய்து காசு பார்த்தவர். வழுக்கி விழுந்து நஷ்டஈடு கேட்பதில் கைதேர்ந்தவர் என்பதால் 'ஸ்லிப்பின் ஜிம்மி' என்று பட்டப்பெயர்.

அண்ணன் சார்ல்ஸ் மெக்கில், சுருக்கமாக சக். மைக்கேல் மெக்கீன் நடித்தது. அல்புகர்க்கியில் 'ஹாம்லின் ஹாம்லின் மெக்கில்' என்ற பெரிய சட்ட நிறுவனத்தின் பங்குதாரர், சட்டத்தைக் கடவுள் மாதிரி மதிப்பவர். ஜிம்மி ஒரு வழக்கில் மாட்டி ஜெயிலில் இருந்தபோது, அவரை வெளியே எடுத்து, தன் நிறுவனத்திலேயே தபால் பிரிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான்.

அந்த வேலையில் இருந்துகொண்டே ஜிம்மி யாருக்கும் சொல்லாமல் அஞ்சல் வழியில் சட்டம் படித்து, வக்கீல் தேர்வில் பாஸ் ஆகிறார். எல்லாம் அண்ணன் மாதிரி ஆக வேண்டும் என்பதற்காக. பிற்பாடு, மின்சாரம் பட்டால் உடம்பு எரிகிறது என்ற ஒரு மனநலப் பாதிப்பில் சக் வீட்டுக்குள் முடங்குகிறார். லாந்தர் வெளிச்சத்தில் வாழும் அண்ணனுக்கு ஐஸ், மளிகை, பேப்பர் என்று தினமும் கொண்டுபோய்க் கொடுத்தது ஜிம்மிதான்.

முதல் துரோகம்: வேலை கொடுக்காதது யார்?

முதல் சீசனின் 9-வது எபிசோட். முதியோர் குடியிருப்பு ஒன்று தன்னிடம் தங்கியிருப்பவர்களிடம் அதிகமாகப் பணம் பிடுங்குவதை ஜிம்மி கண்டுபிடிக்கிறார். கோடிக்கணக்கான டாலர் பெறக்கூடிய வழக்கு. அண்ணனின் நிறுவனத்துக்கே கொண்டு வருகிறார். இனியாவது தன்னை வக்கீலாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறார். நிறுவனத்தின் தலைவர் ஹோவர்ட் ஹாம்லின் சொல்லும் பதில்: வழக்கு வேண்டும், நீ வேண்டாம்.

அத்தனை வருடமும் ஹோவர்ட்தான் வில்லன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஜிம்மிக்கு அன்றுதான் உண்மை புரிகிறது. முந்தைய இரவு ஜிம்மியின் செல்போனை எடுத்து ஹோவர்டுக்கு போன் செய்தது சக். பக்கத்தில் ஒரு செல்போன் இருந்தாலே துடித்துப்போகிற மனிதர், அந்த வேதனையைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு பேசியிருக்கிறார். தம்பியை உள்ளே விடாதே என்று சொல்வதற்காக. இதற்கு முன்பு, ஜிம்மி புதிதாக பாஸ் ஆகி வந்தபோது வேலை மறுக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தவரும் அவரே.

இதை வெறும் 'பொறாமை' என்று முடித்துவிட முடியாது. ஆபீஸில் உங்களை வெளிப்படையாக எதிர்க்கிறவரை எப்படியாவது சமாளித்துவிடலாம். நேரில் பாராட்டிவிட்டு, மீட்டிங்கில் உங்கள் பெயரை அடித்துவிடுகிறவர் யாரென்று பல வருடம் கழித்துத் தெரிந்தால், அந்த வருடங்கள் முழுவதையும் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நாள் சிரித்தாரே, அது நிஜமா? அன்று தோளில் தட்டினாரே, அது? ஜிம்மிக்கு நடந்தது இதுதான். ஒரு வேலை போனதோடு, தான் நம்பிய ஒரு அண்ணனும் போய்விட்டார்.

அப்போ சக் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. தொடர் அதை மறைக்கவும் இல்லை.

அப்பா நடத்திய சின்னக் கடையில் ஜிம்மி கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாவில் கைவைத்து 14,000 டாலர் எடுத்துவிட்டதாகவும், கடை போன ஆறு மாதத்தில் அப்பாவும் போய்விட்டதாகவும் சக் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது ஆறாத காயம். ஆனால் அந்தக் கணக்கைத் தம்பியிடம் அவர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்த்ததாகத் தொடர் எங்கும் காட்டவில்லை.

இன்னொன்று அம்மாவின் மரணம். இரண்டாவது சீசனின் கடைசி எபிசோட் இப்படித்தான் தொடங்கும். ஆஸ்பத்திரியில் இரண்டு பிள்ளைகளும் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். பசிக்கிறது, சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று ஜிம்மி வெளியே போகிறார். அந்த நேரம் பார்த்து அம்மா கண் விழிக்கிறார். பக்கத்திலேயே இருக்கும் மூத்த மகனைப் பார்த்தபடி கூப்பிடுவது, "ஜிம்மி". அவ்வளவுதான், உயிர் போய்விடுகிறது. திரும்பி வந்த ஜிம்மி, அம்மா ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறார். சக் சொல்லும் பதில், இல்லை.

ஒரு சின்னப் பொய். ஆனால் தம்பிக்குச் சேர வேண்டிய கடைசி வார்த்தையை அண்ணன் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். கூடவே இருந்து பார்த்தும் தன் பெயர் வரவில்லையே என்ற வலியையும் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாத துக்கம் இந்தக் குடும்பத்தில் ஜிம்மியிடம் தொடங்கவில்லை என்பது இந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும்.

தம்பி திருப்பிக் கொடுத்தது என்ன?

உண்மை தெரிந்த பிறகு ஜிம்மி சும்மா இருக்கவில்லை. தோழி கிம் வெக்ஸ்லருக்குச் சேர வேண்டிய ஒரு வங்கி வாடிக்கையாளரை சக் தட்டிப் பறித்தபோது, ஆவணங்களில் 1216 என்ற கதவு எண்ணை 1261 என்று மாற்றிவிடுகிறார். தொழிலில் பிசகே செய்யாத சக், கேட்பவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறார். தம்பியைத் தந்திரமாகப் பேசவைத்து, ஒப்புதலை ரகசியமாக டேப்பில் பதிவு செய்கிறார் சக்.

அது வக்கீல் சங்க விசாரணைக்குப் போகிறது. மூன்றாவது சீசனின் 5-வது எபிசோட், இந்தத் தொடரிலேயே அதிகம் பேசப்பட்டது. சக்கின் சட்டைப் பையில் அவருக்கே தெரியாமல் ஒரு போன் பேட்டரி. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அது அங்கேயே இருந்தும் அவருக்கு எதுவும் ஆகவில்லை. நோய் மனதில்தான் என்பது சபைக்குத் தெரிந்துவிடுகிறது. முன்னாள் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக் நிதானம் இழந்து கத்துகிறார். ஜிம்மி தப்பிக்கிறார், ஒரு வருட சஸ்பென்ஷனோடு.

இதோடு விட்டிருந்தால்கூட ஒரு கணக்குக்குள் வந்திருக்கும். ஆனால் பிறகு ஒருநாள் தன் தொழில் இன்சூரன்ஸ் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போன இடத்தில், அது கிடைக்காத எரிச்சலில், அண்ணனின் மனநிலை பற்றி வாய் தவறிச் சொல்வது போலப் போட்டுக்கொடுத்துவிட்டு வருகிறார். அழுவது போல நடிப்பும் உண்டு. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறுகிறது. ஹோவர்ட் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து சக்கை நிறுவனத்திலிருந்து வெளியே அனுப்புகிறார்.

சமாதானம் பேச வந்த தம்பியிடம் சக் சொன்ன கடைசி விஷயம், நீ எனக்கு எப்போதுமே அவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை என்பது. அதன் பிறகு, வீட்டில் எங்கோ மின்சாரம் ஓடுகிறது என்று சுவர்களைப் பிய்த்துத் தேடுகிறார். கடைசியில் அவர் எட்டி உதைத்த லாந்தரில் வீடு பற்றிக்கொள்கிறது.

மரணச் செய்திக்குப் பிறகு ஜிம்மி என்ன செய்தார்?

நான்காவது சீசனின் முதல் எபிசோடை மட்டும் தனியாகப் பார்த்தாலும் போதும். செய்தி கேட்ட ஜிம்மி உறைந்துபோய் இருக்கிறார். பேச்சு இல்லை, தூக்கம் இல்லை. இது நிஜமான துக்கம்தான். இறுதிச் சடங்கு முடிந்து ஹோவர்ட் வீட்டுக்கு வருகிறார். இது விபத்து அல்ல, தற்கொலை என்று நினைக்கிறேன், இன்சூரன்ஸ் பிரச்சினையை வைத்து நான்தான் அவரை வெளியே தள்ளினேன் என்று குற்ற உணர்ச்சியில் உடைகிறார்.

அந்தப் பிரச்சினையின் மூலம் யார் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் ஜிம்மி. ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். மாறாக, அது உன் பாரம், நீயே சுமந்துகொள் என்ற அர்த்தத்தில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு எழுந்துபோய், மீனுக்குத் தீனி போட்டு, உற்சாகமாக காபி போடத் தொடங்குகிறார். அதிர்ந்துபோய்ப் பார்ப்பது கிம் மட்டும்தான்.

சால் குட்மேன் பிறந்தது இந்த இடத்தில்தான். துக்கமும் குற்ற உணர்ச்சியும் ஒரே மூட்டையாக வந்தது. குற்ற உணர்ச்சியை இன்னொருவர் தலையில் இறக்கி வைத்தபோது, துக்கமும் அதோடு போய்விட்டது. இது ஹோவர்டுக்குச் செய்த அநியாயம். ஜிம்மி தனக்கே செய்துகொண்ட கெடுதலும் இதுதான்.

அதன் பிறகு வருவதெல்லாம் தப்பித்தல். அண்ணன் விட்டுச்சென்ற கடிதத்தை எந்தச் சலனமும் இல்லாமல் வாசிக்கிறார், கேட்ட கிம்தான் அழுகிறார். கிம் கொடுத்த மனநல ஆலோசகரின் எண்ணை, ஹோவர்ட் தூக்கமின்றி நொறுங்கி நிற்பதைப் பார்த்த பிறகு, கிழித்துப் போடுகிறார். வக்கீல் உரிமத்தைத் திரும்பக் கேட்கப் போன விசாரணையில் எல்லாம் பேசுகிறார், அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. 'உண்மையாக இல்லை' என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

மேல்முறையீட்டில் அந்தக் குறையைச் சரிசெய்கிறார். கடிதத்தைக் கையில் எடுத்து, பாதியில் மடித்து வைத்துவிட்டு, கண்ணீர் மல்க அண்ணனைப் பற்றிப் பேசுகிறார். சபை உருகுகிறது, கிம்மும் கண் கலங்குகிறார். வெளியே வந்ததும், எப்படி நம்பினார்கள் பார்த்தாயா என்று சிரிக்கிறார். உரிமத்தில் பெயரை மாற்ற ஒரு படிவம் கேட்கிறார். சால் குட்மேன். வேகமாகச் சொல்லிப் பார்த்தால், 'எல்லாம் ஓகேதான்ப்பா' என்ற அர்த்தம் வரும் ஆங்கிலப் பேச்சு அது.

ஆனால் அதே எபிசோடில் இன்னொரு காட்சியும் உண்டு. சக் பெயரிலான உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, பழைய திருட்டு வழக்கு ஒன்றால் நிராகரிக்கப்பட்ட ஒரு பெண்ணைத் துரத்திப் பிடித்து, உன்னை அவர்கள் ஒருநாளும் உள்ளே விட மாட்டார்கள் என்று ஜிம்மி ஆவேசமாகப் பேசுவார். அவர் அந்தப் பெண்ணிடம் பேசவில்லை, தன்னிடமே பேசுகிறார். பிறகு காருக்குள் தனியாக உட்கார்ந்து தேம்பி அழுகிறார். யாரும் பார்க்காத அந்த அழுகைதான் நிஜம்.

உளவியல் இதை எப்படிப் பார்க்கிறது?

ஜிம்மிக்கு இன்ன பாதிப்பு என்று தொடர் எங்கும் முத்திரை குத்தவில்லை, நாமும் குத்த வேண்டாம். ஆனால் மூன்று கருத்துகள் உதவும்.

ஒன்று, துரோகத்தால் வரும் மனக்காயம். அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் 1990-களில் முன்வைத்தது. நாம் சார்ந்திருக்கும் ஒருவரே நமக்குத் துரோகம் செய்யும்போது, அதைப் பார்த்தும் பார்க்காமல் இருக்க மனம் பழகிக்கொள்கிறது. பார்த்துவிட்டால் உறவு போய்விடும் என்ற பயம். வேலை மறுத்தது அண்ணனாக இருக்கலாம் என்ற யோசனையே ஜிம்மிக்கு வராமல், ஹோவர்டையே வெறுத்துக்கொண்டிருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இரண்டு, அங்கீகாரம் கிடைக்காத துக்கம். கென்னத் டோகா 1989-ல் விளக்கிய கருத்து. சிலருடைய துக்கத்துக்குச் சமூகம் இடம் கொடுப்பதில்லை. ஊர் பார்க்க எதிரியாக நின்றவர், அந்த எதிரி செத்ததும் அழுதால் யார் நம்புவார்கள்? இறந்தவர் மீது கோபம் இருந்தால் இன்னும் சிக்கல். 'போனவரைப் பற்றித் தப்பாகப் பேசாதே' என்று வாயை அடைத்துவிடுகிறோம். கோபத்தைச் சொல்ல முடியாதவருக்குப் பாசத்தையும் சொல்ல வராது, இரண்டும் பின்னிக்கிடப்பதால்.

மூன்று, நீடித்த துக்கம். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது இது தனி மனநலப் பாதிப்பாகச் சேர்ந்தது. இழப்புக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் அளவுக்குத் துக்கம் தொடர்வது இதன் அடையாளம். மரணத்தை ஏற்க மறுப்பதும், குற்ற உணர்ச்சியும், பழிபோடுவதும் இதன் வடிவங்களாக இருக்கலாம். ஆக, அழுகை மட்டும்தான் துக்கத்தின் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது.

ஹோவர்ட் மட்டும் எப்படி மீண்டார்?

அதே மரணம், அதே குற்ற உணர்ச்சி. ஹோவர்ட் தூக்கத்தை இழந்தார், நிறுவனமும் ஆட்டம் கண்டது. ஆனால் அவர் ஆலோசகரிடம் போனார், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். மெல்ல எழுந்து நின்று, ஜிம்மிக்கு வேலை தருகிறேன் என்று தேடி வந்தார். ஜிம்மி அவர் காரின் மீது பவுலிங் பந்துகளைத் தூக்கிப் போட்டார்.

ஆறாவது சீசனில் ஜிம்மியும் கிம்மும் சேர்ந்து ஹோவர்டின் பெயரைக் கெடுக்கத் திட்டம் போடுகிறார்கள். உண்மை தெரிந்து கேள்வி கேட்க வந்த இரவில், அவர்கள் வீட்டிலேயே கார்டெல் ஆள் ஒருவரால் ஹோவர்ட் கொல்லப்படுகிறார். துக்கத்தை ஒழுங்காகச் சுமந்தவர், அதைச் சுமக்க மறுத்தவரின் வீட்டில் செத்தார். கிம்மால் இதைத் தாங்க முடியவில்லை. வக்கீல் தொழிலையும் ஜிம்மியையும் விட்டுப் போகிறார். பல வருடம் கழித்து, ஹோவர்டின் மனைவியிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போதே குலுங்கிக் குலுங்கி அழுவார். அவருக்கு வழி திறந்தது அங்கேதான்.

கடைசி எபிசோடில் என்ன நடக்கிறது?

கால இயந்திரம் கிடைத்தால் எங்கே போவாய்? இந்தக் கேள்வியைக் கடைசி எபிசோடில் ஜிம்மி வேறு வேறு காலத்தில் இரண்டு பேரிடம் கேட்கிறார். மைக்கிடம் பேசும்போது அவர் தரப்பு பதில்: 1965-க்குப் போய் வாரன் பஃபெட்டின் நிறுவனப் பங்குகளை வாங்குவேன். வால்டர் வைட்டிடம் சொல்வது: இளமையில் ஒருமுறை வழுக்கி விழுந்து முட்டி போனது. இரண்டு முறையும் பணம், உடம்பு என்று சுற்றிப்போகிறார். மூன்றாவது காட்சியில் ஜிம்மி மளிகை கொண்டு வருகிறார். கொஞ்ச நேரம் இருந்து பேசிவிட்டுப் போயேன் என்று சக் அழைக்கிறார். ஜிம்மி கிளம்பிவிடுகிறார். சக் கையில் எடுப்பது எச்.ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்'. ஜிம்மி சொல்லாமல் விட்ட பதில் எது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு நீதிமன்றம். பேரம் பேசியே தண்டனையை 7 வருடமாகக் குறைத்துவிட்டார் சால். கையெழுத்து போட்டால் போதும். ஆனால் பின் வரிசையில் கிம் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து, தான் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வால்டர் வைட், ஹோவர்ட், கடைசியாக யாரும் கேட்காத சக். அண்ணனின் இன்சூரன்ஸில் நான்தான் கைவைத்தேன், இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம், முயலவில்லை. நீதிபதி சால் என்று அழைக்கும்போது திருத்துகிறார்: பெயர் மெக்கில், ஜேம்ஸ் மெக்கில்.

சக் விஷயம் சட்டப்படி குற்றமே இல்லை. உடன் இருந்த வக்கீலும் அதைத்தான் கேட்டிருப்பார், அவர் சொன்னது குற்றமே இல்லையே என்று. ஜிம்மியைப் பொறுத்தவரை அது குற்றம்தான். தண்டனை 7 வருடத்திலிருந்து 86 வருடம் ஆகிறது.

அப்போ ஒப்புக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. சக் திரும்பி வரவில்லை, ஹோவர்டும் வரவில்லை. அண்ணன் செய்தது துரோகம் இல்லை என்றும் ஆகிவிடவில்லை. ஜிம்மி அண்ணனை மன்னித்ததாகவோ அண்ணன் மீது தப்பு இல்லை என்றோ தொடர் சொல்லவில்லை. 'அவர் எனக்குச் செய்தது' என்ற கணக்கையும் 'நான் அவருக்குச் செய்தது' என்ற கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள ஜிம்மி கடைசியில் கற்றுக்கொள்கிறார். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்கும்வரை, இரண்டுமே தீரவில்லை.

ஜெயிலில் மற்ற கைதிகள் அவரை சால் என்றே கூப்பிடுகிறார்கள். பார்க்க வரும் கிம் மட்டும் ஜிம்மி என்கிறார். இரண்டு பேரும் ஒரு சிகரெட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். சொல்லிக்கொள்ள வேண்டிய பொய் எதுவும் மிச்சம் இல்லை.

*இழப்போ துரோகமோ உங்கள் அன்றாடத்தை முடக்கும் அளவுக்கு அழுத்தினால், அல்லது தற்கொலை எண்ணம் வந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.*